வாய் திறக்காத வானம்

எங்கள் தெருவில் மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ளப் பல வழிகள் இருந்தன. என் மருந்துக்கடையில் மூட்டுவலித் தைலம் வழக்கத்துக்கு மேல் விற்றால் மறுநாள் தூறல் உண்டு. பேக்கரிப் புகை மேலே போகாமல் தெருவுக்குள்ளேயே இறங்கி உலாவினால் மழை. சாக்கடை திடீரென்று நாறினால் மழை. துறைமுகத்துச் சங்கு பக்கத்து வீட்டில் ஊதுவது போலக் கேட்டாலும் மழைதான். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் என் கடைக்கு எதிரே இருந்த சலவைக்கடைக்குப் போய் அண்ணனிடம் கேட்டுவிடுவார்கள்.

அவரை எல்லோரும் வானம் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துவைக்கும் இயந்திரங்களும் இஸ்திரி மேசைகளும் இருந்தன. அதற்கு மேலே வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடி முழுக்கக் கொடிக்கயிறுகள். துறைமுகத்தை ஒட்டிய விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவ்வளவும் அவரிடம்தான் வரும். பாதி காய்ந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் எல்லாவற்றையும் மறுபடி அலச வேண்டும். அதனால் ஆகாயத்தைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

காலையில் மாடிக்குப் போனதும் முதலில் கொடிக்கயிற்றை விரலால் சுண்டிப் பார்ப்பார். காற்றில் ஈரம் ஏறினால் பருத்திக் கயிறு முறுக்கேறி விறைத்துக்கொள்ளும். பிறகு தும்பிகள் கொடிக்கு மேலே பறக்கின்றனவா கீழேயா என்று பார்ப்பார். கைப்பிடிச் சுவரில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற்றுகின்றனவா, கடற்பறவைகள் ஊருக்குள் வந்து கூரைகளில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்று கவனிப்பார். இறங்கி வரும்போது தெருவில் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பவர், கூரைக்குக் கான்கிரீட் போடும் மேஸ்திரி, விளையாட்டு விழா வைத்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். "மத்தியானம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல உன் பாடு" என்பது போல ஒரு பதில் கிடைக்கும். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தப்பியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சொன்னது பலித்ததை மட்டும் ஆளுக்கு ஆள் சொல்லித் திரிந்தார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், இருக்கிற கொடியெல்லாம் ஊராருடையது, சொந்தத் துணிக்கு இடமில்லை என்பார். கூடவே தங்கையும் தங்கை கணவரும் இருந்தார்கள். தங்கை இஸ்திரி மேசையைப் பார்த்துக்கொண்டாள். கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர், கலகலப்பான ஆள். மைத்துனரை 'மச்சான்' என்று கூப்பிடும்போதே பாதி கேலி இருக்கும். தன் தூரிகைகளைக் கழுவ அவர் சலவைக்கடையின் தொட்டியைத்தான் பயன்படுத்துவார். அதனால் விடுதி விரிப்புகளில் எப்போதாவது ஒரு நீலப் புள்ளி தென்படும். அதற்கு இருவரும் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள்.

பெரும்புயல் வந்த அன்று காலை அப்படியொரு தெளிவு. கழுவித் துடைத்து வைத்த பீங்கான் மாதிரி வானம். தூரத்தில் எங்கோ புயல் சுற்றிக்கொண்டிருப்பதாகவும் அது வடக்கே ஒதுங்கிப் போகும் என்றும் வானொலி சொல்லியிருந்தது. பேக்கரிப் புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனது. கொடிக்கயிறு தொய்வாகக் கிடந்தது. எறும்பைக் காணோம். ஓவியர் வழக்கமாகப் படியிறங்கி நேராகத் தன் வேலைக்குப் போகிறவர், அன்று மாடிக்கு ஏறிப் போய் மைத்துனரிடம் கேட்டார்.

நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மேலே இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. அண்ணன் கையை வீசி ஆகாயத்தைக் காட்டினார்.

"பயப்படாம போ மாப்பிள்ளை. இது நம்ம பக்கம் திரும்பாது."

தெருவே கேட்கும் குரல் அவருக்கு. அதைக் கேட்டு நானும் தைரியமாகத்தான் இருந்தேன். கிடங்கில் தரையில் இருந்த மருந்துப் பெட்டிகளை மேலே ஏற்றலாமா என்று யோசித்தவன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஓவியர் துறைமுகத்துத் தானியக் கிடங்கின் சுவரில் பெரிய எழுத்து எழுதும் வேலைக்குப் போனார். உயரமான சுவர், மூங்கில் சாரம் கட்டியிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. புயலைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். பேக்கரிக்காரர் தன் தகரத் தட்டுகள் பறவைக் கூட்டம் மாதிரி எழும்பிப் போனதாகச் சொல்வார். சலூன் நாற்காலி மிதந்து போய் அடுத்த தெருவில் நின்றது என்பார்கள். வருஷம் போகப் போக அந்த நாற்காலி இன்னும் தூரம் போய்விட்டது, இப்போது கேட்டால் துறைமுகத்துக்கே போனதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். காற்றின் சத்தம் இல்லை. காற்று ஒரு கட்டத்துக்கு மேல் காதில் ஏறவில்லை. கிடங்கில் தண்ணீர் புகுந்து, மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதி, கிளிங் கிளிங் என்று மெதுவாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். எதிரே மொட்டை மாடியிலிருந்து வெள்ளை விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வானம் அண்ணன் அவற்றைப் பிடிக்கப் போகவில்லை. அவர் தெருவில், இடுப்பளவு தண்ணீரில், துறைமுகம் இருந்த திசையில் நடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரும் நானுமாகப் போய் இழுத்து வந்தோம்.

சாரம் சரிந்ததில் ஓவியரும் கூட வேலை செய்த இன்னொருவரும் இறந்துபோனார்கள். அது மறுநாள்தான் தெரியவந்தது.

யாரும் அண்ணனைக் குறை சொல்லவில்லை. வானொலியே தப்பாகச் சொன்னபோது அவரை என்ன சொல்வது? புயல் கடைசி நேரத்தில் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். தங்கையும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அவள் இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். அவர் இயந்திரங்களுக்குத் திரும்பினார். சேற்றைக் கழுவி, புதிய கயிறு வாங்கிக் கட்டினார்கள். விடுதிகளும் மறுபடி துணி அனுப்பத் தொடங்கின.

அதற்குப் பிறகு வானம் அண்ணன் வானிலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

முதலில் மக்கள் புரிந்துகொள்ளாமல் கேட்டார்கள். மேஸ்திரி ஒருநாள் வந்து, நாளைக்குக் கூரை போடலாமா அண்ணே என்றார். அண்ணன் அவரிடம் குழந்தைகள் சௌக்கியமா என்று விசாரித்தார். மறுபடி கேட்டபோது, கொண்டுவந்த சட்டையில் பித்தான் ஒன்று குறைகிறது என்றார். மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் கேட்பதில்லை. வெயில் கொளுத்துகிறது என்றுகூட அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை.

ஆனால் கேட்பதைத்தான் நிறுத்தினார்கள், பார்ப்பதை நிறுத்தவில்லை. அவர் வாயால் சொல்லாவிட்டால் என்ன, செய்கிற வேலையில் தெரியாதா? விரிப்புகளை மாடியில் காயப்போட்டால் அன்று வெயில். உள்ளே காயப்போட்டால் மழை. பேக்கரிக்காரர் மாவு பிசைவதற்கு முன்னால் ஒருமுறை வெளியே வந்து எதிர் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். மழை நாளில் ரொட்டி குறைவாக விற்கும். நானும் பார்த்தேன், மறைப்பானேன்? கடைக்கு வெளியே வைக்கும் விளம்பரத் தட்டியை அன்று வைப்பதா வேண்டாமா என்பதற்கு எனக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது.

அவருக்கு இது தெரிந்தபோது ரொம்பச் சங்கடப்பட்டார். ஒரு கோடையில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படியேற முடியாமல் விரிப்புகளை இரண்டு நாள் கீழேயே காயப்போட்டார். நல்ல வெயிலில் தெருவே குடையோடு திரிந்தது. என்னிடம் இடுப்புக்குத் தைலம் வாங்க வந்தார். வெளியே போகும்போது வாத்தியார் ஒருவர் அவர் கையில் இருந்த தைலப் புட்டியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று பள்ளிக்கூட விளையாட்டு விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை அவர் பழைய குடைக்குக் கம்பி மாற்றக் கொண்டுபோனார். ஈரச் சிமெண்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தார்ப்பாய் தேடினார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியே போவதென்றால் பின்பக்கச் சந்து வழியாகத்தான். மழை கொட்டினாலும் குடை எடுப்பதில்லை. நனைந்துகொண்டே வருவார். அதையும் பார்த்து, சீக்கிரம் விட்டுவிடும் போலிருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு.

தங்கை இதையெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததும் இல்லை, அழுததும் இல்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். துணி பற்றி, சாப்பாடு பற்றி, விடுதிக்காரன் அனுப்பாத பாக்கித் தலையணை உறை பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். ஓவியரின் பேச்சு மட்டும் வராது. ஒரே மேசையில் சாப்பிடுகிற இருவர் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

போன வருஷம் மறுபடி ஒரு புயல் கிளம்பியது. இந்தத் தடவை எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஆளுக்கொரு படத்தை வைத்துக்கொண்டு, வெள்ளையாகச் சுழலும் ஒரு வட்டத்தைக் காட்டினார்கள். அது தெற்கே போய்விடும், எங்கள் பக்கம் கனமழை மட்டும் இருக்கலாம் என்று வானிலை அலுவலகம் சொன்னது. முன்னெச்சரிக்கையாக மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். போகத்தான் யாருக்கும் மனசில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேடேறி, கடைசியில் ஒன்றும் வராமல் திரும்பினால் ஊர் சிரிக்கும்.

அன்று காலையும் வானம் தெளிவாகவே இருந்தது. பேக்கரிக்காரரும் நானும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் ஏதோ வேலை இருப்பது போலத் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். எல்லோர் கண்ணும் எதிர் மாடியில். அங்கே ஒரு துணியும் இல்லை. வானம் அண்ணன் கடை வாசலில், கையில் ஒன்றும் இல்லாமல், தரையைப் பார்த்து நின்றார். நாங்கள் பார்ப்பது அவருக்குத் தெரியும். உள்ளே போனாலும் அர்த்தம் எடுப்பார்கள், வெளியே நின்றாலும் எடுப்பார்கள். பாவம், மூச்சை வெளியே விடவே யோசிக்கிற மாதிரி நின்றார்.

அப்போது தங்கை உள்ளேயிருந்து வந்தாள். இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணே, எல்லாரும் நிக்கறாங்க பார். என்ன சொல்றே?"

இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் நேராகக் கேட்காமல் விட்டிருந்த கேள்வி. கேட்டது அவள் என்பதால் எங்களுக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

அவள் நகரவில்லை. அவர் எங்களையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்:

"நிஜமாவே தெரியல. கயிறு ஒண்ணு சொல்லுது, எறும்பு ஒண்ணு சொல்லுது. தெரியாதபோது நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன். நான் ஸ்கூலுக்குக் கிளம்பறேன்."

சொன்னபடி உள்ளே போய் ஒரு பையோடு வந்து மேட்டை நோக்கி நடந்தார். தங்கை கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனாள். பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்தார். நான் கிடங்குப் பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்குள் தெரு கிட்டத்தட்டக் காலி.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. முழங்கால் உயர பெஞ்சுகள். பெரியவர்கள் எல்லோரும் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் லேசான காற்று அடித்தது. ஒரு தூறல் வந்து நின்றது. பழைய புயலின் கதைகள் ஆரம்பித்தன. தகரத் தட்டுகள் பறந்தன, சலூன் நாற்காலி மிதந்தது. கேட்டுக் கேட்டு அலுத்த கதைகள், ஆனால் அப்படி ஒரு அறையில், வெளியே காற்றைக் கேட்டுக்கொண்டு, அவற்றைத் தவிர வேறு எதைப் பேசுவது?

நானும் என் மனைவியும் ஜன்னலோரம் இருந்தோம். எங்களுக்கு முன் பெஞ்சில் அண்ணனும் தங்கையும். கதைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பாமலே அவளிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் என் காதில் விழுந்தது.

"அன்னைக்கு மாப்பிள்ளை என்ன நெனச்சுக்கிட்டுப் போனான்? உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

அவள் மேசையில் யாரோ ஒரு பிள்ளை கிறுக்கியிருந்த கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பிறகு சொன்னாள். கணவருக்கு உயரம் என்றால் பயமாம். காற்று இருந்தால் இன்னும் பயம். ஏணிக்கு மேலே போக வேண்டிய வேலையை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தாராம். யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். தானியக் கிடங்கு வேலையை மட்டும் பெரிய வேலை என்று ஒத்துக்கொண்டுவிட்டார். அன்று காலை எழுந்ததிலிருந்து தூரிகைகளைப் பைக்குள் வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தாராம். மச்சான் புயல் வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை வைத்து இன்று போகாமல் இருந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போனார்.

"திரும்பி வந்து, உங்க அண்ணன் கைய விரிச்சிட்டாருன்னு சொன்னாரு. சிரிச்சாரு. சாப்பிட்டாரு. போயிட்டாரு."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். பேக்கரிக்காரர் பின்னால் இன்னும் தட்டுகளைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது தெரிஞ்சிருந்தா பொய்யாவது சொல்லியிருப்பேனே" என்றார் அண்ணன்.

"தெரியும். அதனாலதான் இத்தனை நாளா உங்கிட்ட சொல்லல."

அவ்வளவுதான் பேசினார்கள். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் பையிலிருந்து ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைச் சாப்பிட வெகுநேரம் ஆனது.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, புயல் தெற்கே கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்தது. வானிலை அலுவலகம் சொன்னதுதான் நடந்தது. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினோம். வழியெல்லாம் தரை சரியாக நனையக்கூட இல்லை. மேட்டுக்கு வராமல் கீழே வீட்டிலேயே இருந்துவிட்ட இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று எங்களை வரவேற்றார்கள். பயங்கரப் புயலா, ஆள் சேதம் உண்டா என்று விசாரித்தார்கள்.

கேலி ஒரு மாதம் ஓடியது. பேக்கரிக்காரர் ஒரு நாள் வியாபாரம் போனதைச் சொல்லிச் சொல்லி அண்ணனை வம்புக்கு இழுத்தார். மேஸ்திரி தன் பங்குக்கு, இனிமேல் அண்ணன் கிளம்பினால் நான் கூரை போடுவேன் என்றார். அண்ணன் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, நாளைக்கு வெயில்தான் என்றார். மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து மழை. அவர் விரிப்புகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து தடதடவென்று ஓடிவந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். இப்போது அவர் தினமும் ஏதாவது சொல்கிறார். பாதி பலிக்கிறது. மறுத்துப் பேச எப்போதும் யாராவது இருக்கிறார்கள், பெரும்பாலும் நான்தான். அவர் மாடியை இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

தங்கை இஸ்திரி மேசையிலேயே இருக்கிறாள். ஒரு மாற்றம் உண்டு, அதுவும் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. போன வாரம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எதிர்ப்பக்கம் இருவரும் ஏதோ விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அண்ணன் தெருவைக் கடந்து என்னிடமே வந்துவிட்டார், தங்கை பின்னாலேயே. ஓவியர் 'ழ' எழுதும்போது சுழியை மேலேயிருந்து ஆரம்பிப்பாரா, கீழேயிருந்தா என்று கேட்டார்கள். அவள் மேலேயிருந்து என்றாள். அவர் கீழேயிருந்து என்று சத்தியம் செய்யாத குறை.

ஓவியர் எழுதுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் எழுதும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் அந்தப் பேச்சைத்தான் கேட்டேன், கையைப் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். இருவரும் என்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்பது போலப் பார்த்துவிட்டு, வாதாடிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.